தொட்டிக் குழி மணல்

கண்டக்டர் வீட்டிலிருந்து போன் வந்தபோது பெயிண்டர் ஏணியின் உச்சியில் நின்று யாரோ ஒருவர் வீட்டு மாடி ஜன்னலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான். பல்லில் ஒரு பிரஷ், கையில் ஒரு பிரஷ். எடுக்காமல் விட்டால் அந்த மனிதர் விடமாட்டார். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகியும் விசில் ஊதுகிற பழக்கம் மட்டும் கண்டக்டரை விட்டுப் போகவில்லை. எதிராளி இறங்கி வரும்வரை அடித்துக்கொண்டே இருப்பார்.

“பெயிண்டரே, உன் சுவர் மறுபடியும் அழுவுது. வந்து கண்ணத் தொடச்சு விட்டுட்டுப் போ,” என்றார்.

உன் சுவர் என்றதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. செங்கல் அடுக்கியது ஒருத்தன், பூச்சு பூசியது ஒருத்தன், வீடு அவருடையது. பளிச்சென்று இருக்கிறவரைக்கும் அது கண்டக்டர் வீட்டுச் சுவர். கறை வந்த அன்றைக்கே அது பெயிண்டர் சுவராகிவிட்டது. இந்தத் தொழிலின் தலையெழுத்தே அப்படி. கட்டுகிற வீட்டுக்குள் கடைசியாக நுழைகிறவன் பெயிண்டர். முன்னால் வந்தவன் எல்லாரும் பண்ணிவைத்த கோளாறு அவன் பூசுகிற நிறத்தின் வழியாகத்தான் வெளியே வரும்.

வார்னிஷை அப்படியே விட்டால் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடும். அடித்து முடித்துவிட்டுத்தான் போனான்.

கண்டக்டர் வீட்டு முன்கூடத்தில் வாசலைப் பார்த்த பெரிய சுவர் அது. வீட்டுக்குள் வருகிற யார் கண்ணிலும் முதலில் படுவது. சந்தன நிறம், கண்டக்டரின் மனைவி தேர்ந்தெடுத்தது. இப்போது அதன் மேல் மிளகு அளவில் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கீழே ஒரு கோடு, தேநீர் குடித்தவன் வாயோரம் வழிந்த மாதிரி. முதல் தடவை வந்தபோது சுரண்டி, பள்ளத்தில் பட்டி மாவு வைத்து, இரண்டு கோட் அடித்தான். இரண்டாம் தடவை கடைக்காரன் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்த கறைதடுப்பு டின் ஒன்றைக் கைக்காசில் வாங்கி அடித்தான். ஒரு மாதம் ஒன்றும் இல்லை. கறை போயிருக்கவில்லை, அவ்வளவு நாள் உள்ளே காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

“தண்ணி ஜாஸ்தி கலந்துட்டியாய்யா?” என்றார் கண்டக்டர்.

தண்ணீர் ஜாஸ்தி கலந்தால் பெயிண்ட் வெளுக்கும், துருப்பிடிக்காது என்று இவருக்கு இதுவரை எத்தனை முறை சொல்லியாகிவிட்டது.

சுவருக்குள் குழாய் ஓடுகிறதா என்று பிளம்பரையும் ஏற்கெனவே வரவழைத்தாயிற்று. அவன் சுவரில் காது வைத்துக் கேட்டான், வால்வை மூடித் திறந்தான், சம்பந்தமே இல்லாமல் குளியலறையில் மூன்று ஓட்டை போட்டான், இது பெயிண்ட் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனான். பெயிண்ட் கடைக்காரன் இது பூச்சுக் கோளாறு என்றான். பூச்சு பூசிய மேஸ்திரி, என் பூச்சை எவனாவது குறை சொன்னால் நாக்கை அறுத்துவிடுவேன் என்றார். அந்த மேஸ்திரி வேறு யாருமில்லை, பெயிண்டர் மனைவியின் அண்ணன்.

இந்த ஒரு சுவருக்காக அவன் இவ்வளவு அலைவதற்குக் காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் ஆலைக்கு வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் எடுத்துக் கட்டுகிறவர் கண்டக்டரின் சகலை. மேஸ்திரிக்கு அங்கே பூச்சு வேலை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. பெயிண்ட் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று சகலை முடிவு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது இந்தச் சுவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். கிடைத்தால் ஒரு வருஷத்துக்கு வீடு வீடாகப் போய் வேலை இருக்கிறதா என்று பல்லிளிக்க வேண்டாம். கிடைக்காவிட்டால், இன்னான் அடித்த சுவர் அழுகிறது என்கிற பேச்சு டவுன் முழுக்கப் போய்விடும். அதற்குப் பிறகு எவனும் நாய்க்கூண்டுக்குக்கூட அவனை வண்ணம் அடிக்கக் கூப்பிடமாட்டான்.

அன்றைக்கு ஒரு புள்ளியைப் பட்டிக் கத்தியின் நுனியால் குடைந்து பார்த்தான். பெயிண்ட் உரிந்தது, பட்டி உரிந்தது, அதற்கடியில் பூச்சுக்குள் ஒரு மணி. மணல் மணியைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பாக ஊதி, நகம் பட்டதும் பொடிந்தது. அடுத்த புள்ளியைக் குடைந்தான். அங்கேயும் ஒன்று. ஒவ்வொரு கறைக்கும் கீழே ஒரு மணி உட்கார்ந்திருந்தது. நாலைந்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டான். இவை என்னவென்று அவனுக்கு விளங்கவில்லை. உள்ளிருந்து ஏதோ ஈரம் இவற்றை ஊதவைக்கிறது என்று மட்டும் பட்டது.

ஈரம் எங்கிருந்து என்று வெளியே வந்து பார்த்தவனுக்கு உடனே கண்ணில் பட்டது பக்கத்துக் காலி மனை. முக்காலி மாதிரி இரும்புக் கால் நட்டு, தடதடவென்று ஒரு இயந்திரம் தரையைத் துளைத்துக்கொண்டிருந்தது. அது கக்கிய சேற்றுத் தண்ணீர் கண்டக்டர் வீட்டு மதிலோரம் குட்டையாகத் தேங்கி நின்றது. பெயிண்டருக்குச் சந்தோஷமே வந்துவிட்டது. திட்டுவதற்குக் கடைசியில் ஒரு ஆள் கிடைத்தாகிவிட்டது.

ஒரு பெண் கவிழ்த்துப்போட்ட டின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலையில் மஞ்சள் தொப்பி, முழங்கால் வரை சேறு. முன்னால் ஒரு நீளத் தட்டில், துளையிலிருந்து வந்த மண்ணை ஆழ வரிசைப்படி வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே வரப்போகும் கட்டடத்துக்கு மண் சோதனை செய்ய வந்த பொறியாளர். பெயிண்டர் போன வேகத்தில் கத்த ஆரம்பித்தான். உங்கள் தண்ணீரால் என் சுவர் நாசமாகிறது, பக்கத்து வீட்டுக்காரன் என்ன ஆவான் என்று யோசிக்க வேண்டாமா, படித்தவர்கள்தானே என்றெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினான். அவள் கடைசிவரை கேட்டாள்.

“எப்பலேர்ந்து கறை வருது?”

“ஆறு மாசமா.”

“நாங்க நேத்துதான் வந்தோம்.”

இருந்தாலும் தேங்கிய தண்ணீரைக் காட்டி, இதுவும் நல்லதுக்கில்லை என்று முணுமுணுத்தான். அவள் தன் ஆளைக் கூப்பிட்டு வாய்க்கால் வெட்டிவிடச் சொன்னாள். பிறகு அவன் கையிலிருந்த காகித மடிப்பைப் பார்த்து, அது என்ன என்று கேட்டாள். பிரித்துக் காட்டினான். சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு மணியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

“பூச்சுக்கு எந்த மணல் போட்டாங்க?”

“லாரி மணல்தான். எல்லாரும் போடறது.”

“இல்ல,” என்றாள்.

தட்டின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு கறுத்த துண்டை எடுத்தாள். மக்கிப்போன மரம். அழுத்தியதும் ஏடு ஏடாகப் பிரிந்தது. நடுவில் பித்தளைப் பொடி தூவின மாதிரி மின்னியது.

“தங்கமா மேடம்?”

“தங்கமா இருந்தா நான் எதுக்குய்யா இந்தச் சேத்துல உக்காந்திருக்கேன்? எல்லா ஊர்லயும் எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க. நான் சொல்றத மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்ல.”

அவள் குரலில் இருந்த சலிப்பு பெயிண்டருக்குப் பழக்கமானது. அவன் வீட்டுக்காரர்களிடம் பேசும்போது அவனுக்கு வரும் சலிப்புதான். கீழே குந்தி உட்கார்ந்தான்.

தட்டை மேலிருந்து கீழாகக் காட்டி அவள் சொன்னாள். மேலே இருப்பது களிமண். அதற்குக் கீழே பொடி மணல். இன்னும் கீழே பருமணல். அடியில் முட்டை முட்டையாக உருண்டைக் கற்கள். கல் இப்படி உருண்டால் அது தண்ணீர் வேலை. மனிதன் என்று ஒருத்தன் தலையெடுப்பதற்கு வெகுகாலம் முன்னால் இந்தத் தெருவுக்குக் கீழே ஒரு ஆறு ஓடியிருக்கிறது. மலையில் பாறை உடைந்து விழுந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்திருக்கிறது. ஆற்றுக்கு வேகம் இருக்கிறவரைக்கும் எதையும் சுமக்கும். வேகம் குறைந்ததும் கனமானதை முதலில் இறக்கிவிடும். கல் இறங்கும், பிறகு மணல், கடைசியில் களி. அதனால்தான் தட்டில் இந்த வரிசை.

“இந்த எடத்துல ஆறு வளைஞ்சிருக்கு. வளைவுல மரம், இலை, எல்லாம் வந்து தங்கிருக்கு. மேல களிமண் மூடினதுல காத்துப் போகல. மலையிலேர்ந்து வந்த இரும்பும், அழுகின எடத்துல இருந்த கந்தகமும் சேந்துடுச்சு. அதான் இந்த மினுக்கு. மண்ணுக்கடியில கெடக்கறவரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆகாது. எடுத்துக் காத்துல வெச்சு, ஈரத்துல கொழச்சுச் சுவத்துல அப்பினா?”

“துருப்பிடிக்கும்,” என்றான் பெயிண்டர்.

“ஊதும். வழியும். நீங்க எத்தன கோட் அடிச்சாலும் வரும். உள்ள இருக்கற எல்லா மணியும் செத்து முடியற வரைக்கும் வரும்.”

அது எவ்வளவு நாள் என்று கேட்டான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொன்னாள். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் அந்த மணலைப் போட்டால், அந்த மணி இருக்கும் பட்சத்தில் கொஞ்ச நேரத்தில் பச்சையாகக் கூழ் மாதிரி வரும், பிறகு அது பழுப்பாகும். சுண்ணாம்பு என்றதும் பெயிண்டருக்குப் பாதித் தெம்பு வந்தது. மற்றதெல்லாம் அவளுடைய சரக்கு, சுண்ணாம்பு அவனுடைய சரக்கு. கிளம்பும்போது சும்மா ஒரு வார்த்தைக்கு, ஆறு எந்தப் பக்கம் போயிற்று என்று கேட்டான். அவள் பென்சிலை நீட்டி, கண்டக்டர் வீட்டைக் கடந்து ஆலைப் பக்கமாக ஒரு வளைவு போட்டுக் காட்டினாள். அவன் மனசு முழுக்க மேஸ்திரியிடம் போய் என்ன கேட்பது என்பதிலேயே இருந்தது. பென்சில் போன பக்கத்தை அவன் யோசிக்கவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்குப் போனான். மேஸ்திரி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் பேச ஆரம்பித்தால் முதல் கொஞ்ச நேரம் கேலிதான். சம்பிரதாயமான அந்தக் கேலி முடிந்ததும் பெயிண்டர் மெதுவாகக் கேட்டான், கண்டக்டர் வீட்டு முன்கூடத்துக்கு எந்த மணல் போட்டீர்கள் என்று.

மேஸ்திரி மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார். அந்த வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டக் குழி தோண்டினார்கள். களிமண் முடிந்ததும் கீழே மணல் வந்தது. கையில் எடுத்தால் பருப்பருவென்று, சலிக்கக்கூட வேண்டாத மணல். நடுநடுவே கறுப்புக் கட்டை கிடந்தது, பொறுக்கி எறிந்தார்கள். அந்த வாரம் லாரி வரவில்லை. காலடியில் மணல் கிடக்கும்போது லாரிக்கு எதற்குக் காத்திருப்பது என்று, முன்கூடத்துச் சுவரை அதிலேயே பூசி முடித்தார். கண்டக்டர் கைகொட்டிச் சிரித்தாராம். தன் வீட்டு மணலாலேயே தன் வீட்டைக் கட்டியவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாராம்.

பெயிண்டர் மண் சோதனைக்காரி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான். மேஸ்திரி கால் கழுவுவதை நிறுத்தினார்.

“ஆறா? எங்கடா ஆறு? எங்க அப்பன் காலத்துலேர்ந்து இங்க சாக்கடை கூட ஓடினதில்ல.”

“மனுஷனே இல்லாதப்போ ஓடின ஆறு மச்சான்.”

“மனுஷனே இல்லாதப்போ ஓடினத இவ எப்படிப் பாத்தா?”

“கல்லப் பாத்துச் சொல்றாங்க.”

“நானும் முப்பது வருஷமா கல்லப் பாக்கறேன். என்கிட்ட ஒரு கல்லும் இப்படிக் கத சொன்னதில்ல.” செம்பை டங்கென்று வைத்தார். “உன் பெயிண்ட்டு நிக்கல. அதுக்கு என் பூச்சு மேல பழியத் தூக்கிப் போடாத மாப்ள. நாளைக்கு அந்தச் சகலைகாரன் காதுல இது விழுந்துச்சுன்னா...”

அத்தோடு வாயை மூடிக்கொண்டார். முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. பிறகு தேவைக்கு மேல் சத்தம் போட்டார். தங்கையைக் கட்டிக்கொடுத்ததே தப்பு என்கிற இடம் வரைக்கும் போனார். பெயிண்டரும் விடவில்லை. இனி உங்கள் வீட்டு வாசலை மிதித்தால் செருப்பால் அடியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அவன் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி போனில் வந்து உட்கார்ந்திருந்தது. மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தட்டை வைத்தாள். அண்ணன் பேரையும் கெடுக்கக் கூடாது, வர வேலையையும் விடக் கூடாது என்றாள். இரண்டையும் ஒரே ஆளால் எப்படிச் செய்ய முடியும் என்று கேட்டான். அது உங்கள் சாமர்த்தியம் என்று சொல்லிவிட்டாள். ஊரில் எல்லாருக்கும் இவனிடம் கேட்பதற்கு மட்டும் ஏதோ ஒன்று இருந்தது.

மறுநாள் கண்டக்டர் வீட்டுக் கொல்லையில் பூந்தொட்டிகளுக்கென்று ஒதுக்கிவைத்த மிச்ச மணலைக் கிளறினான். மேலே மழையில் நனைந்தது பழுப்பேறிக் கிடந்தது. ஆழத்தில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தான். முந்தின நாளே கரைத்துத் தெளியவைத்திருந்த சுண்ணாம்புத் தண்ணீரை மேலாக இறுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மணலைப் போட்டு, சமையலறை ஜன்னல் திண்டில் வைத்தான். கண்டக்டரும் அவர் மனைவியும் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. கண்டக்டர், இதுக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டார். அவர் சிரித்து முடிக்கவில்லை, மணலுக்குள் அங்கங்கே நீலமும் பச்சையுமாக ஒரு கூழ் கிளம்பியது. சாம்பார் அண்டாவை எட்டிப் பார்ப்பது போல மூன்று தலையும் டம்ளரின் மேல் கவிழ்ந்தன. கூழ் மெல்ல மேலேறி, ஓரங்களில் பழுப்பாகத் திரும்ப ஆரம்பித்தது. சுவரில் இருந்த அதே பழுப்பு.

கண்டக்டர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அந்தக் காலத்துல டிக்கெட் எடுக்காம ஏறினது,” என்றார் கடைசியில். “இத்தன நாள் படுத்துத் தூங்கிட்டு, கரெக்டா என் வீட்டு ஸ்டாப்புல வந்து இறங்கியிருக்கு.”

பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு வேறு மணலில் பூச வேண்டும், வேறு வழியில்லை என்றான் பெயிண்டர். கண்டக்டர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம். சகலை வரும்போது முன்கூடத்தில் செங்கல் பல்லை இளித்துக்கொண்டு நின்றால் மானம் போகும் என்றார். அவருக்கும் சகலைக்கும் கல்யாணமான நாளிலிருந்து யார் வீடு பெரிது என்று ஒரு போட்டி. இந்த வீட்டைக் கட்டியதே அதற்காகத்தான்.

“ஒரே ஒரு கோட் அடிச்சுடு. ஞாயித்துக்கிழம மட்டும் தாங்கட்டும். அவன் பாத்தான்னா உனக்கும்தானே வேல?”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். மனைவியின் முகமும், பல்லிளித்துக்கொண்டு போய் நின்ற வாசல்களும் அவன் கண்முன் வந்தன. சனிக்கிழமை புள்ளிகளைக் குடைந்து எடுத்து, பட்டி வைத்து, தேய்த்து, அடித்தான். வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு சுவரை அவன் அடித்ததில்லை. அடிக்க அடிக்க அவன்மேல் அவனுக்கே எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். வேட்டியை மடித்துக் கட்டாமலே நடக்கத் தெரிந்த மனிதர், குறைவாகப் பேசுகிறவர். சுவருக்கு முன்னால் நின்றார். விரலால் தடவினார். கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, மேடுபள்ளம் தெரிகிறதா என்று நீளவாக்கில் பார்த்தார். கண்டக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விசிலை விழுங்கிய மாதிரி நின்றார்.

“கை நல்லாருக்கு,” என்றார் சகலை. “சாப்ட்டுட்டு வா, எடத்தப் பாத்துடுவோம்.”

வேலை கிடைத்துவிட்டது. வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போது பெயிண்டருக்கு மனசில் ஒரு மூலையில் பாட்டுக்கூட வந்தது. ஆலைச் சுவரைத் தாண்டி வண்டி திரும்பியதும் அந்தப் பாட்டு நின்றுவிட்டது.

குடியிருப்பு வரிசைகளில் பாதி எழும்பியிருந்தன, பாதி அஸ்திவாரக் குழியாகவே இருந்தன. முதல் வரிசைகளில் பூச்சு முடிந்து சாம்பல் நிறமாகக் காய்ந்துகொண்டிருந்தது. மற்ற வரிசைகளில் குழி தோண்டிய மண் இரண்டு குவியலாகக் கிடந்தது. ஒரு பக்கம் களி. இன்னொரு பக்கம் மணல். மணல் குவியலின் அடிவாரத்தில் உருண்டைக் கற்களும் கறுத்த மரத்துண்டுகளும் பொறுக்கிப் போட்டபடி கிடந்தன. மண் சோதனைக்காரியின் பென்சில் போட்ட வளைவு அவன் ஞாபகத்துக்கு வந்தது. கண்டக்டர் வீட்டைத் தாண்டி அந்த ஆறு நேராக இங்கேதான் வந்திருக்கிறது.

“உன் மச்சான் குடுத்த யோசன,” என்றார் சகலை, குவியலைக் காட்டி. “லாரியே வேண்டாம்னுட்டாரு. எவ்வளவு நல்ல மணல் பாரு.”

மேஸ்திரி அங்கேதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையானாலும் புதுப் பூச்சை நனைத்துவிடத் தண்ணீர் ஊற்ற வந்திருந்தார். கையில் குழாயோடு, கொஞ்சம் தள்ளி நின்றபடி பெயிண்டரையே பார்த்தார். கிணற்றடியில் அவர் ஏன் பாதிப் பேச்சில் வாயை மூடினார் என்பது பெயிண்டருக்கு இப்போதுதான் புரிந்தது. அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதைத்தான் பெயிண்டரால் தாங்க முடியவில்லை. முறைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் வீட்டுக்குள் போனார்கள். சுவர் இன்னும் நிறம் காணாத சுவர். ஜன்னலுக்குக் கீழே, தண்ணீர் வழிந்த இடத்தில், மிளகு அளவில் ஒரு புள்ளி. சகலை அதைக் கவனிக்கவில்லை. பூசின புதிதில் எதுவோ தெறித்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பேசாமல் இருந்தால் நாளைக்கே வேலை தொடங்கலாம். கடைசி வரிசை அடித்து முடிப்பதற்குள் முதல் வரிசை அழ ஆரம்பிக்கும். குடிவந்த ஜனங்கள் தினம் தினம் அந்தச் சுவரைப் பார்த்து, யார் அடித்தது என்று கேட்பார்கள். மேஸ்திரி அதற்குள் வேறு ஊரில் வேறு சுவர் பூசிக்கொண்டிருப்பார். கடைசியில் கைவைத்தவன் இவன்தான். பேசினாலோ, நேற்று அடித்த சுவரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மச்சான் வேலை போகும். தன் வேலையும் போகும். வீட்டில் தட்டு வைக்க ஆள் இருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் உதைதான் என்று ஆனபிறகு, பெயிண்டருக்கு ஒரு மாதிரி கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்ல முடியாத கோபம். யாரும் இல்லாத காலத்தில் தன்பாட்டுக்கு ஓடிவிட்டுப் போன அந்த ஆற்றின்மேல்கூட வந்தது.

“சார், இந்தச் சுவத்துல நான் கை வெக்க மாட்டேன்,” என்றான்.

சகலை திரும்பினார்.

“மணல் சரியில்ல. அந்தப் புள்ளியப் பாருங்க. அது வளரும், வழியும். மேல என்ன அடிச்சாலும் நிக்காது.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நீங்க காலைல கன்னம் வெச்சுப் பாத்தீங்களே ஒரு சுவர். அதுலயும் இதே மணல்தான். நேத்துதான் மூடி அடிச்சேன். ஒரு மாசத்துல வந்துடும்.”

சகலையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. மேஸ்திரி குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“அப்போ காலைல என்னை முட்டாளாக்கின. இப்போ நல்லவனாயிட்ட,” என்றார் சகலை. குரல் உயரவில்லை. “இவரு சொல்றது நெசமா மேஸ்திரி?”

மேஸ்திரி பெயிண்டரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

“எனக்குப் பத்து நாள் முன்னாடி ஒரு புள்ளி தெரிஞ்சுது சார்,” என்றார். “தெறிச்சதா இருக்கும்னு தேச்சு விட்டேன். மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் தேச்சேன். மாப்ள வந்து ஆறு, கந்தகம்னு என்னென்னமோ சொன்னப்போதான் இது அதுவா இருக்குமோன்னு தோணிச்சு. அரைவாசி பூசியாச்சே, எந்த வாயால வந்து உங்ககிட்ட சொல்றது?”

சகலை வெளியே போய் மணல் குவியலுக்கு முன்னால் நின்றார். குனிந்து ஒரு கறுத்த கட்டையை எடுத்து உடைத்தார். உள்ளே மினுக்கியது. அவரும் ஒரு கணம் பெயிண்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அவனுக்குத் தெரியும்.

“தங்கம் இல்ல சார்,” என்றான்.

அவர் அதை வீசி எறிந்தார். அப்புறம் பேசியதெல்லாம் பெயிண்டர் எதிர்பார்த்த மாதிரி இல்லை. துரத்தவில்லை. இருவரையும் துரத்திவிட்டால் புதிதாக வருகிறவனுக்கு இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும், அதற்குத் தனக்குப் பொறுமை இல்லை என்றார். அந்த மணலில் பூசினதையெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும். எந்தச் சுவரில் எந்த மணல் போயிருக்கிறது என்று சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்துச் சொல்வது பெயிண்டர் பொறுப்பு. கொத்துவதும் திரும்பப் பூசுவதும் மேஸ்திரி பொறுப்பு, கூலி கிடையாது. கொத்தும்போது பெயிண்டரும் கூட நிற்க வேண்டும், ஏனென்றால் மேஸ்திரி தேய்த்துவிடுகிற ஆள் என்று தெரிந்துவிட்டது. சோதிக்கும்போது மேஸ்திரியும் கூட நிற்க வேண்டும், ஏனென்றால் பெயிண்டர் மூடி அடிக்கிற ஆள் என்று தெரிந்துவிட்டது.

“பெயிண்ட் வேல யாருக்குன்னு அப்புறம் பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பெயிண்டரை ஏற்றிக்கொள்ளவில்லை.

ரோடு வரைக்கும் மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள். கண்டக்டரிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. சகலை அதற்குள் அவரைக் கேட்டிருப்பார்; சகலைக்கு அவர் வீட்டுச் சுவர் விஷயம் எப்படித் தெரிந்தது என்று கேட்கத்தான் அடிக்கிறார் என்று பெயிண்டருக்குத் தெரியும். எடுக்கவில்லை. அது நின்றதும் மனைவியிடமிருந்து வந்தது.

“வேல கெடச்சுதா?” என்றாள்.

“கெடச்சுது.”

“அப்புறம் ஏன் கொரல் இப்படி இருக்கு?”

“உங்க அண்ணனோட சேந்து. சுவர் இடிக்கற வேல.”

ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா என்று கேட்டாள். பெயிண்டர் ரோட்டின் எதிர் ஓரத்தைப் பார்த்தான். மேஸ்திரி நின்று, செருப்புக்குள் போன மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டிவிட்டு இவனைப் பார்த்து, நாளைக்குச் சீக்கிரம் வந்துடு, வெயில்ல என்னால கொத்த முடியாது என்று கத்தினார்.

“கத்திக்கறோம்,” என்றான் பெயிண்டர்.